பி.எல். தேதி சரியா இருக்கு, சரக்கு கொழும்புல நின்னுச்சு, டிஸ்கவுண்ட் நான் குடுக்கணுமா?

கேள்வி:

வணக்கம் சார். திருப்பூர்ல அப்பா ஆரம்பிச்ச பனியன் யூனிட்டை இப்ப நான் பார்த்துக்கறேன், 70 மெஷின். ஜெர்மனி பையர் ஒருத்தருக்கு 36,000 டி-ஷர்ட், 600 பெட்டி, ஒரு நாப்பதடி கன்டெய்னர், எஃப்.ஓ.பி. தூத்துக்குடி. ஃபார்வர்டர் (சரக்கைக் கப்பல்ல அனுப்ப ஏற்பாடு பண்றவங்க) பையரே சொன்ன ஆளுங்க, பேமென்ட் பி.எல். (சரக்கு ஏத்தினதுக்குத் தர்ற கப்பல் ரசீது) தேதியிலேர்ந்து 60 நாள். அவங்க நாமினேட் பண்ண சைனா சப்ளையர் லேபிளை லேட்டா அனுப்பினதால ராத்திரி பகலா ஓட்டி, கடைசித் தேதிக்கு முந்தின நாள் கப்பல் ஏத்திட்டோம். ஆனா கன்டெய்னர் கொழும்புல 19 நாள் நின்னுருச்சு, அப்புறம் ஆப்பிரிக்காவைச் சுத்தி ஹாம்பர்க் போய்ச் சேர்ந்தப்ப சீசன் பாதி முடிஞ்சுதாம். இப்ப 12 சதவீதம் டிஸ்கவுண்ட் கேக்கறாங்க, இல்லேன்னா அடுத்த ஆர்டர் இல்லைங்கறாங்க. அடுத்ததை டி.டி.பி.ல (டியூட்டி கட்டி அவங்க குடோன் வரைக்கும் நம்ம செலவு) பண்ணுங்கன்னும் சொல்றாங்க, அப்பா சி.ஐ.எஃப். (கப்பல் வாடகையும் இன்சூரன்ஸும் நம்ம செலவு) போதும்ங்கறார். நான் என்ன பண்ணட்டும்?

பதில்:

தம்பி, முதல்ல பணத்தைப் பத்திப் பேசிடுவோம், ஏன்னா இந்த வாரமே நீங்க பதில் மெயில் போட்டாகணும். 12 சதவீதத்துக்கு இப்ப தலையாட்டாதீங்க, முடியாதுன்னு எடுத்தெறிஞ்சும் எழுதாதீங்க. அந்த பி.ஓ.வை, அதாவது பையர் குடுத்த பர்சேஸ் ஆர்டரை, எடுத்து வச்சு முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் படிங்க. பி.ஓ.ன்னா ஸ்டைல் நம்பர், கலர், சைஸ், விலை போட்ட அந்த ஒரு ஷீட்டை மட்டும் சொல்லல, அதுகூட வெண்டார் மேனுவல்னு ஒரு ஃபைல் மெயில்ல வந்திருக்கும், தடியா இருக்கும், நம்ம ஊர்ல பாதிப் பேர் அதைத் திறந்துகூடப் பார்க்கறதில்ல, ஆனா சண்டைன்னு வந்தா பையர் கையில எடுக்கறது அதைத்தான். அதுல தேதி எப்படி எழுதியிருக்குன்னு பாருங்க. சரக்கு கப்பல் ஏற வேண்டிய கடைசித் தேதியா, இல்ல அவங்க குடோனுக்குள்ள வந்து சேர வேண்டிய தேதியா? கப்பல் ஏற வேண்டிய தேதி மட்டும்தான் இருக்குன்னா உங்க பக்கம் சுத்தம். எஃப்.ஓ.பி.ன்னா தூத்துக்குடில பையர் சொன்ன கப்பல்ல சரக்கு ஏறின நிமிஷத்தோட உங்க பொறுப்பு முடிஞ்சுது, அதுக்கு அப்புறம் கொழும்புல நின்னாலும் கேப்டவுன் பக்கம் புயல்ல மாட்டினாலும் அது பையரோட ரிஸ்க். அதுலயும் அந்த ஃபார்வர்டரைப் பிடிச்சது அவங்க, எந்த ஃபீடர்ல (சின்னக் கப்பல்) ஏத்தி கொழும்புல எந்த மதர் வெசல்ல (தூரம் போற பெரிய கப்பல்) மாத்தறதுன்னு முடிவு பண்ணது அந்த ஃபார்வர்டர், உங்களை யாரும் கேக்கவே இல்ல.

குடோன் தேதி தெளிவா எழுதியிருந்து, லேட்டானா இத்தனை சதவீதம் பிடிப்போம்னும் எழுதி, அதுக்கு உங்க கையெழுத்தும் இருந்தா கதை வேற. எஃப்.ஓ.பி.ன்னு ஒரு வரியும் குடோன் தேதின்னு இன்னொரு வரியும் ஒண்ணுக்கொண்ணு முட்டும், அப்ப ஏற்றுமதி காண்ட்ராக்ட் பார்க்கற வக்கீல் ஒருத்தர்கிட்ட காட்டாம ஒரு வார்த்தைகூட மெயில்ல எழுதாதீங்க.

ஆதாரத்தை இன்னிக்கே சேர்த்து வைங்க. கன்டெய்னர் நம்பரை ஷிப்பிங் லைன் சைட்ல போட்டா மொத்தப் பயணமும் தேதியோட வரும், தூத்துக்குடில உள்ள போன தேதி, ஃபீடர்ல ஏறின தேதி, கொழும்புல இறங்கின தேதி, அங்கேர்ந்து திரும்ப ஏறின தேதி. இந்த நாலையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க, கொஞ்ச நாள் போனா சைட்லேர்ந்து போயிடும். லேபிள் விஷயத்துல அந்த சைனா சப்ளையர்கிட்ட நீங்க ஆர்டர் போட்ட மெயில், அவங்க சொன்ன தேதி, உங்களுக்கு நிஜமா வந்து சேர்ந்த கூரியர் ரசீது, நடுவுல பையர் மெர்ச்சண்டைசருக்கு நீங்க அனுப்பின நினைவூட்டல் எல்லாத்தையும் ஒரே ஃபைல்ல கட்டுங்க. வாட்ஸப்ல பேசினதா இருந்தா அதையும் எக்ஸ்போர்ட் பண்ணிடுங்க.

பி.ஓ. உங்க பக்கம் இருந்தா மெயில்ல சண்டை வேண்டாம், விஷயத்தை மட்டும் எழுதுங்க: எஃப்.ஓ.பி. படி இன்ன தேதிக்கு ஒப்படைச்சோம், பி.எல். இணைச்சிருக்கு, கொழும்பு தாமதத்தை உங்க ஃபார்வர்டர்கிட்ட கேளுங்க, அதுக்கு வேண்டிய பேப்பர் எது வேணும்னாலும் தர்றோம், லேபிள் உங்க சப்ளையரால தள்ளிப்போயும் எங்க செலவுல ஓவர்டைம் போட்டு தேதியைக் காப்பாத்தினோம். அவ்வளவுதான். உறவு முறியக் கூடாதுன்னு ஏதாவது குடுத்துதான் ஆகணும்னு நீங்களும் அப்பாவும் நினைச்சா, இந்த பில்லுல குறைக்காதீங்க, அடுத்த ஆர்டர் விலையில ஒரு சின்னத் தொகையா, இது பொறுப்பை ஏத்துக்கிட்டதா ஆகாதுன்னு எழுதிட்டுக் குடுங்க. இந்த பில்லுல குறைச்சா ரெண்டு கஷ்டம். ஒருதடவை குடுத்துட்டா கொழும்பு லேட்டுக்கெல்லாம் நீங்கதான் பொறுப்புன்னு பழக்கமாயிடும், அது பெரிய கஷ்டம். இன்னொண்ணு, கஸ்டம்ஸுக்குக் குடுத்த ஷிப்பிங் பில்லுல போட்ட தொகைக்கும் வந்த தொகைக்கும் வித்தியாசம் வந்தா பேங்க்ல, ஏற்றுமதிப் பணம் வந்துதான்னு பார்க்கற இ.டி.பி.எம்.எஸ். கணக்குல அந்த பில் முடியாம நிக்கும், குறைச்சதுக்குக் காரணம், பையர் லெட்டர் எல்லாம் குடுத்து பேங்க் ஒத்துக்கிட்டாதான் க்ளோஸ் ஆகும், வராத தொகைக்கு வாங்கின டிராபேக்கும் (ஏற்றுமதிக்காக அரசு திருப்பித் தர்ற வரி) திரும்பக் கட்ட வேண்டி வரும். பையர் உங்ககிட்ட கேக்காமலே பிடிச்சுக்கிட்டு அனுப்பினாலும் இதே வேலைதான், அதனால பேங்க்ல இப்பவே ஒரு வார்த்தை சொல்லி வைங்க.

இப்ப இதைவிட முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். இந்தத் தடவை பி.எல். தேதி ஒரு நாள் வித்தியாசத்துல உங்களைக் காப்பாத்தியிருக்கு. அந்த ஒரு நாள் தவறியிருந்தா? நீங்க லாரியை நேரத்துக்கு அனுப்பி, கன்டெய்னர் துறைமுகத்துக்குள்ள போயி, ஃபீடர்ல இடமில்லைன்னு ஷட் அவுட் ஆகி அடுத்த கப்பலுக்குத் தள்ளியிருந்தா, தப்பே பண்ணாம பழி உங்க மேல விழுந்திருக்கும். எஃப்.ஓ.பி.ங்கற ஏற்பாட்டுல இருக்கற ஓட்டை இதுதான். கன்டெய்னரை நீங்க உள்ள விட்டுட்டு வந்தாச்சு, அதைத் தொடக்கூட உங்களால முடியாது, ஆனா கப்பல்ல ஏறற வரைக்கும் ரிஸ்க் உங்களுது. அந்த இடைவெளி ரெண்டு நாளும் இருக்கும், பத்து நாளும் இருக்கும்.

2023 டிசம்பர் 17, 18 ஞாபகம் இருக்கும். தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டமே தண்ணியில மிதந்துச்சு, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் பக்கம் மழை, ரோடு ரயில் எல்லாம் கட். நான் இருக்கறது தூத்துக்குடிலதான், சி.எஃப்.எஸ்.ல (கப்பலுக்குப் போற சரக்கு காத்திருக்கற கன்டெய்னர் குடோன்), யார்டுல நின்ன சரக்குக்காக திருப்பூர், கரூர்லேர்ந்து ஃபோன் மேல ஃபோன் வந்துச்சு, எல்லாரும் கேட்ட கேள்வி ஒண்ணுதான், நனைஞ்சிருந்தா யார் பொறுப்பு. எஃப்.ஓ.பி.ன்னு எழுதிக் குடுத்தவங்களுக்கு நான் சொல்ல வேண்டிய பதில் நீங்கதான்ங்கறது. அதே வாரத்துலதான் ஏமன் ஹூதி படையோட தாக்குதலுக்குப் பயந்து மெர்ஸ்க், எம்.எஸ்.சி., ஹபாக்-லாய்டுன்னு பெரிய கப்பல் கம்பெனி எல்லாம், சூயஸ் கால்வாய்க்குப் போற செங்கடல் பக்கம் போக மாட்டோம்னு அறிவிச்சுது. ஒரே வாரத்துல இங்க வெள்ளம், அங்க ஏவுகணை. இது ரெண்டையும் எந்த எக்ஸ்போர்ட்டரும் தடுக்க முடியாது, ஆனா சரக்கு யார் பொறுப்புல எந்த இடத்துல மாறுதுன்னு பேப்பர்ல எழுதறது நம்ம கையிலதான் இருக்கு, அங்கதான் நாம கோட்டை விடறோம்.

எஃப்.ஓ.பி. மாதிரி சொல்லுக்கு அர்த்தம் சொல்ற இன்கோடெர்ம்ஸ் விதியை வெளியிடற சர்வதேச வர்த்தக சபை ஐ.சி.சி.யே கன்டெய்னர் சரக்குக்கு எஃப்.ஓ.பி. பொருந்தாது, எஃப்.சி.ஏ. போடுங்கன்னுதான் சொல்லுது. எஃப்.சி.ஏ. தூத்துக்குடி, இன்ன சி.எஃப்.எஸ்.னு எழுதினா, அந்த இடத்துல பையரோட ஃபார்வர்டர்கிட்ட கன்டெய்னரை ஒப்படைச்ச உடனே பொறுப்பு கை மாறிடும். அப்புறம் ஃபீடர் தள்ளிப்போனா அவங்க பாடு. விலையில பெரிய வித்தியாசம் வராது, டெர்மினல் ஹேண்ட்லிங் யார் கட்டறதுன்னு மட்டும் பேசி எழுதிக்கணும். எல்.சி.ல (பேங்க் உத்தரவாதத்துல) வியாபாரம் பண்றவங்க எஃப்.சி.ஏ.வுக்குப் பயப்படறது ஒரே காரணத்துக்காக, பேங்க் ஆன்-போர்டு பி.எல். (சரக்கு கப்பல் ஏறிடுச்சுன்னு குறிச்ச பி.எல்.) கேக்கும், ஒப்படைக்கும்போது அது கையில இருக்காது. இன்கோடெர்ம்ஸ் 2020ல அதுக்கும் வழி வச்சிருக்காங்க, கப்பல் ஏறினதும் ஆன்-போர்டு பி.எல்.லை செல்லருக்குக் குடுன்னு பையரே லைனுக்குச் சொல்லணும்னு ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டு காண்ட்ராக்ட்ல போட்டுக்கலாம்.

பையர் எஃப்.ஓ.பி.யை விட மாட்டேன்னா, எங்க சிஸ்டம்ல அதுதான் இருக்குன்னு நிறைய பேர் சொல்லுவாங்க, அப்ப வம்பு பண்ணாம பி.ஓ.ல ஒரே ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்க: கட்-ஆஃப் நேரத்துக்குள்ள ஃபார்வர்டர்கிட்ட ஒப்படைச்ச சரக்கு, கப்பல் தள்ளிப்போனாலும் நேரத்துக்கு ஷிப் ஆனதாகவே கணக்கு. ஒப்படைச்சதுக்கு ஃபார்வர்டர்கிட்ட எஃப்.சி.ஆர்.ங்கற ரசீது வாங்கி வைங்க, பெரிய ஐரோப்பிய கடைக்காரங்க பலபேர் அதையே ஒத்துக்கறாங்க. ஆனா ஒண்ணு, எஃப்.சி.ஆர். கையில இருந்தா சரக்கு உங்க பிடியில இருக்குன்னு அர்த்தம் இல்ல. நல்லாத் தெரிஞ்ச பையருக்கு மட்டும் அதை வச்சுக்கங்க. புது பையர்னா ஒரிஜினல் பி.எல். உங்க கையில இருக்கணும், அது இருக்கற வரைக்கும்தான் பணம் வராட்டி சரக்கை நிறுத்த முடியும். பையர் சொன்ன ஃபார்வர்டர் குடுக்கறது ஹவுஸ் பி.எல்., அதாவது கப்பல் கம்பெனி இல்லாம அவரே போடற பி.எல்., அந்த ஆள் அரசோட கப்பல் துறை டி.ஜி. ஷிப்பிங்ல எம்.டி.ஓ.வா (சரக்குப் போக்குவரத்து நடத்தறவர்) பதிவு பண்ணவரான்னு கேட்டுப் பார்த்துட்டு சரக்கை ஒப்படைங்க. கேக்கறதுல கூச்சம் வேண்டாம்.

கொழும்புக்கு வருவோம். பெரிய மதர் வெசல் தூத்துக்குடிக்கு வர்றது கம்மி, அதனால நம்ம சரக்கு ஃபீடர்ல கொழும்பு போய் அங்க மாறும். தூரம்னு பார்த்தா ஒரு நாள்கூட ஆகாது, காத்திருப்புதான் நாளைத் தின்னும். 2024 தொடக்கத்துல செங்கடல் பிரச்சினைல கப்பல் எல்லாம் அட்டவணை குலைஞ்சு வந்ததுல கொழும்பு நெரிசல்ல திணறிப்போச்சு. ஆப்பிரிக்காவைச் சுத்தினா ஐரோப்பாவுக்கு பத்துலேர்ந்து பதினாலு நாள் கூடுதல்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா அந்தக் கூடுதல் நாளோட முடிஞ்சுடல. ஒரு கப்பல் சுத்தி வர நேரம் கூடினா அதே கப்பல் திரும்ப கொழும்பு வர்றதும் தள்ளிப்போகுது, நடுவுல ஒரு வாரம் கப்பலே இல்லாம போகும், அந்த வாரத்துச் சரக்கு அடுத்த வாரத்துச் சரக்கோட சேர்ந்து இடத்துக்கு அடிச்சுக்கும். உங்க 19 நாள் பெரும்பாலும் அப்படி வந்ததாத்தான் இருக்கும், டிராக்கிங்ல மதர் வெசல் பேர் நடுவுல மாறியிருக்கான்னு பாருங்க, மாறியிருந்தா ரோல் ஓவர் பண்ணியிருக்காங்க, அதாவது அடுத்த கப்பலுக்குத் தள்ளியிருக்காங்கன்னு அர்த்தம், அது ஃபார்வர்டர் பதில் சொல்ல வேண்டிய விஷயம்.

அடுத்த புக்கிங் போடும்போது ஃபார்வர்டர்கிட்ட, எந்த ஃபீடர், கொழும்புல எந்த மதர் வெசல், சூயஸ் வழியா இல்ல ஆப்பிரிக்காவைச் சுத்தற கேப் வழியா, கனெக்‌ஷன் தவறினா அடுத்த கப்பல் எப்ப, இதை எல்லாம் மெயில்ல எழுதி வாங்குங்க. ஃபோன்ல சொன்னது கணக்குல வராது. கொச்சி வல்லார்பாடம் திருப்பூர்லேர்ந்து தூத்துக்குடியைவிடக் கிட்ட, அங்கேர்ந்து எந்த லைன் ஐரோப்பாவுக்கு எப்படிப் போகுதுன்னு அந்தந்த சீசன்ல விசாரிக்கலாம். விழிஞ்ஞம் 2025 மே மாசம் முறைப்படி திறந்தாச்சு, சில லைனுக்கு கொழும்புக்குப் பதிலா அங்க மாத்தற வழி வந்திருக்கு. ஃபார்வர்டர் பையரோட ஆளா இருந்தாலும் இந்த யோசனையை நீங்க சொல்லலாம், கேக்கறதும் விடறதும் அவங்க இஷ்டம், நீங்க சொன்னதுக்கு ரெக்கார்டு இருக்கும்.

ஆனா தம்பி, உங்க லெட்டர்ல கொழும்பைவிட என்னைக் கவலைப்பட வச்சது லேபிள். நீங்க அதை ஒரு வரியில கடந்து போயிட்டீங்க. வாஷ் கேர் லேபிளை சைடு சீம் மூட்டும்போதே உள்ள வச்சு மூட்டணும், அது வரலேன்னா ஓவர்லாக் லைனே நிக்கும், கட்டிங் முடிஞ்ச பீஸ் எல்லாம் கட்டுக்கட்டா மூலையில கிடக்கும். ஹேங் டேக்னா பரவால்ல, பேக்கிங் டேபிள்ல போட்டுக்கலாம். ஆக ரெண்டுமே பேருக்கு அக்சஸரிஸ்தான், ஆனா ஒண்ணு லேட்டானா மொத்த ஆர்டரும் லேட், இன்னொண்ணு லேட்டானா ஒரு நாள் வேலை. நம்ம ஆளுங்க நூலுக்கும் டையிங்குக்கும் காம்பாக்டிங்குக்கும் நாள் எண்ணி எண்ணிக் கணக்குப் போடுவாங்க, கிலோ கணக்குல வர்றதுக்குத்தான் மரியாதை, ஒரு கூரியர் கவர்ல வர்ற லேபிளை யாரும் சார்ட்ல எழுதறதில்ல. அவசரத்துல அண்டாக்குள்ளகூட கை போகாதுன்னு சொல்றது ராத்திரி பகலா ஓட்டற யூனிட்டுக்குத்தான் சரியாப் பொருந்தும், ஆல்டரேஷன் கூடும், ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன்ல பெட்டி திரும்பும், ஓவர்டைம் கூலி லாபத்தைச் சாப்பிடும்.

அதனால கப்பல் தேதியை உங்க தையல் லைன் வேகத்தை வச்சு ஒத்துக்காதீங்க, கடைசியா எது கையில வருதோ அதை வச்சு ஒத்துக்கங்க. சம்மர் டி-ஷர்ட் ஆர்டர்ல இது இன்னும் கடுமை. ஜனவரி நடுவுல பொங்கலுக்கு திருப்பூரே காலியாகும், ஊருக்குப் போன ஆளுங்க திரும்பி வந்து லைன் செட் ஆகறதுக்குள்ள சைனாக்காரங்களுக்குப் புத்தாண்டு, அது ஜனவரி மூணாவது வாரக் கடைசியிலேர்ந்து பிப்ரவரி மூணாவது வாரத்துக்குள்ள ஏதோ ஒரு நாள்ல வரும், வருஷத்துக்கு வருஷம் மாறும், 2025ல ஜனவரி 29. அந்த லீவு காலண்டர்ல இருக்கறதோட முடியாது, அதுக்கு முன்னாடி ஒரு வாரம் புது ஆர்டர் எடுக்க மாட்டாங்க, முடிஞ்சும் ஆளுங்க வர நாளாகும். லேபிள், ஜிப், பட்டன் எதுவா இருந்தாலும் டிசம்பர் முதல் வாரத்துக்குள்ள அங்கேர்ந்து கிளம்பியிருக்கணும், இல்லேன்னா மார்ச்சுன்னு நினைச்சுக்கங்க. அக்டோபர் முதல் வாரமும் அங்க லீவுதான்.

இதை பி.ஓ.லயே எழுதுங்க: நீங்க நாமினேட் பண்ண சப்ளையர் கிட்டேர்ந்து லேபிள் இன்ன தேதிக்குள்ள எங்க ஃபேக்டரிக்கு வரணும், எத்தனை நாள் தாமதமோ அத்தனை நாள் ஷிப்மென்ட் தேதி தள்ளும், அதனால ஏர்ல அனுப்ப வேண்டி வந்தா செலவு பையருது. நியாயமான பையர் இதுக்குக் கோபப்பட மாட்டார். இன்னொரு கேள்வியும் கேளுங்க, வாஷ் கேர் லேபிளை மட்டும் உங்க அப்ரூவல் வாங்கி இங்கேயே அடிச்சுக்கலாமான்னு. திருப்பூர்ல அதுக்கு யூனிட் இருக்கு, பிராண்ட் லேபிள் மட்டும் வெளியிலேர்ந்து வரட்டும். பல பையர் ஒத்துக்கறாங்க, நாமதான் கேக்கறதில்ல.

ஏர்னு சொன்னதும் ஒரு கணக்கைக் காட்டிடறேன், ஏன்னா பையர் லேட்டானா ஏர்ல அனுப்புன்னு சுலபமா சொல்லுவார். உங்க பெட்டி 60க்கு 40க்கு 40 சென்டிமீட்டர்னு வச்சுக்கங்க, உள்ள 60 பீஸ், எடை போட்டா பதினோரு கிலோ பக்கம் வரும். ஏர்லைன் எடையை மட்டும் பார்க்காது, மூணு அளவையும் பெருக்கி 6,000ஆல வகுக்கும், அப்ப 16 கிலோ. எது கூடுதலோ அதுக்குத்தான் காசு. 600 பெட்டிக்கு ஆறாயிரத்து அறுநூறு கிலோன்னு நீங்க நினைப்பீங்க, பில் 9,600 கிலோவுக்கு வரும். ரேட் கேக்கறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க. தப்பவே முடியாதுன்னா மொத்தத்தையும் ஏத்தாம, கடை ஷெல்ஃப்ல முதல் வாரத்துக்கு எவ்வளவு வேணுமோ, ஒரு நூறு பெட்டி, அதை மட்டும் ஏர்ல அனுப்பி மிச்சத்தைக் கடல்ல விடலாமான்னு பையரைக் கேளுங்க. கொழும்பு இல்ல துபாய் வரைக்கும் கப்பல், அங்கேர்ந்து ஃபிளைட்னு ஸீ-ஏர் வழியும் இருக்கு, செங்கடல் நெருக்கடில நிறைய பேர் அதுல தப்பிச்சாங்க.

சி.ஐ.எஃப். பத்தி அப்பா சொன்னதுக்கு என் கருத்து, வேண்டாம். சி.ஐ.எஃப்.ல கப்பல் வாடகையும் இன்சூரன்ஸும் நீங்க கட்டறீங்க, ஆனா ரிஸ்க் கை மாறற இடம் எஃப்.ஓ.பி. மாதிரியே கப்பல்ல ஏறும்போதுதான். அந்த ஓட்டை அப்படியே இருக்கு, கூடவே வாடகை ஏறினா அடி உங்களுக்கு. நீங்க விலை பேசறது அக்டோபர்ல, கப்பல் ஏறறது மார்ச்ல. கப்பல் வாடகையைக் கணக்கெடுக்கற ட்ரூரி குறியீட்டுப்படி ஒரு நாப்பதடி கன்டெய்னர் உலக சராசரி 2019ல 1,400 டாலர் பக்கம் இருந்தது 2021 செப்டம்பர்ல 10,000 டாலரைத் தாண்டுச்சு. அப்படி ஒரு ஏத்தத்தை ஒரு டி-ஷர்ட்ல நிக்கற அந்தச் சில ரூபாய் லாபம் தாங்காது. ஃபார்வர்டர் நம்ம ஆளா இருப்பார்ங்கறது நிஜமான சௌகரியம்தான், வருஷம் பூரா நிறைய கன்டெய்னர் போற கம்பெனிக்கு லைன்கிட்ட ரேட் பேசற பலம் இருக்கும், அவங்க பண்ணலாம்.

டி.டி.பி.க்கு ஒரே வார்த்தை, ஒத்துக்காதீங்க. ஹாம்பர்க்ல இறக்கி, டியூட்டி கட்டி, ஜெர்மனி வாட் 19 சதவீதம் கட்டி, குடோன் வாசல்ல இறக்கறதுக்குத் தயாரா நிக்கற வரைக்கும் உங்க செலவு, உங்க ரிஸ்க். அங்க கம்பெனியே இல்லாத நம்ம பேர்ல இறக்குமதி டிக்ளரேஷன் போட அங்க இருக்கற ஏஜென்ட் ஒருத்தர் பொறுப்பு எடுக்கணும், அதுக்கு அவர் காசும் கேப்பார், ஜாமீனும் கேப்பார். கூடவே, பேமென்ட் பி.எல். தேதியிலேர்ந்து 60 நாள்ங்கறது குடோன் சேர்ந்த தேதியிலேர்ந்துன்னு மெதுவா மாறும், கேப் சுத்தற காலத்துல அது ஒன்றரை மாசம் கூடுதல் கடன். இங்க டையிங், பிரிண்டிங், ஜாப் ஒர்க் பண்ற சிறு குறு யூனிட்டுக்கு நீங்க எழுத்துல ஒப்பந்தம் இருந்தா அதிகபட்சம் 45 நாளுக்குள்ள, இல்லேன்னா 15 நாளுக்குள்ள பணம் குடுத்தாகணும், வருஷக் கடைசில நிலுவை வச்சா அந்த வருஷ வருமான வரிக் கணக்குல அதைச் செலவா காட்ட முடியாது. அங்க வர்றது மூன்றரை மாசத்துல, இங்க போறது ஒன்றரை மாசத்துல, நடுவுல இருக்கறது பேங்க் வட்டி. 70 மெஷின் யூனிட் சாயறது தையல் சரியில்லாம இல்ல, இந்த நடு மாசங்கள்லதான். பி.எல். தேதியிலேர்ந்து 60 நாள்ங்கறதை என்ன ஆனாலும் விட்டுக் குடுக்காதீங்க.

இன்சூரன்ஸ் பத்தி நீங்க கேக்கல, ஆனா சொல்லிடறேன். தாமதத்தால வர்ற நஷ்டத்தை மரைன் பாலிசி குடுக்காது, ஆல் ரிஸ்க்னு விக்கற இன்ஸ்டிட்யூட் கார்கோ கிளாஸ் ஏ-லயே தாமதம் விலக்குப் பட்டியல்ல இருக்கு. ஏற்றுமதிக் கடனுக்கு அரசு நிறுவனம் தர்ற ஈ.சி.ஜி.சி. பாலிசி பையர் திவாலானா, பணம் கட்டாம இழுத்தடிச்சா காப்பாத்தும், ஆனா சரக்கு சரியில்ல, லேட்டுன்னு பையர் தகராறு பண்ணி பணத்தைப் பிடிச்சா, அந்தத் தகராறு உங்களுக்குச் சாதகமா தீராத வரைக்கும் கைகொடுக்காது. அதனாலதான் பி.ஓ. வரிகளுக்கு இவ்வளவு அழுத்திச் சொல்றேன், தாமதத்துக்கு வேற எந்தக் குடையும் கிடையாது. அதுக்காக பாலிசி வேண்டாம்னு இல்ல. 2025 மே மாசம் எம்.எஸ்.சி. எல்சா 3 கொச்சிக்குப் பக்கத்துல 640 கன்டெய்னரோட மூழ்கிச்சு, அடுத்த மாசமே கொழும்புலேர்ந்து கிளம்பின வான் ஹாய் 503 கேரளா கடல்ல தீப்பிடிச்சு எரிஞ்சுது, ரெண்டும் நம்ம பக்கத்துக் கடல்லதான். ஃபேக்டரிலேர்ந்து கப்பல் ஏறற வரைக்கும் ஒரு கவர், பையர் இன்சூரன்ஸ் பண்ணாம விட்டு, பணமும் தராம போனா உங்களைக் காக்கற செல்லர்ஸ் கன்டிஞ்சென்ஸி கவர், ரெண்டும் சேர்த்து பிரீமியம் என்னன்னு ஏஜென்ட்கிட்ட கேளுங்க, நீங்க நினைக்கற அளவு வராது.

பேப்பர்ல இன்னொரு சின்ன விஷயம், ஐரோப்பாவுக்குப் போற கப்பல் சரக்குக்கும் 2024 ஜூன்லேர்ந்து கட்டம் கட்டமா ஐ.சி.எஸ்.2 (சரக்கு விவரத்தை ஐரோப்பிய கஸ்டம்ஸுக்கு முன்கூட்டியே தர்ற முறை) வந்தாச்சு, சரக்கு விவரத்துல வெறுமனே கார்மென்ட்ஸ்னு போட்டா நிறுத்திக் கேள்வி கேப்பாங்க, பருத்தி பின்னல் டி-ஷர்ட், 610910னு ஆறு இலக்க கஸ்டம்ஸ் கோடோட போடச் சொல்லுங்க உங்க சி.ஹெச்.ஏ.வை (கஸ்டம்ஸ் ஏஜென்ட்).

அடுத்த ஆர்டரை இப்படி ஆரம்பிங்க. பையரோட குடோன் தேதியைக் கேட்டு வாங்கி அங்கேர்ந்து பின்னாடி எண்ணுங்க, ஹாம்பர்க்ல இறங்கி குடோன் போக ஒரு வாரம், கடல்ல கேப் வழிக் கணக்கு, கொழும்புல ரெண்டு வாரம், தூத்துக்குடில கட்-ஆஃப்க்கு முன்னாடி மூணு நாள். அங்க வந்து நிக்கற தேதிதான் உங்க எக்ஸ்-ஃபேக்டரி, அதாவது சரக்கு ஃபேக்டரியை விட்டுக் கிளம்ப வேண்டிய நாள். அந்தத் தேதியில முடியாதுன்னா ஆர்டர் எடுக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க, பையருக்கு அப்ப கேக்கற 'முடியாது' பெரிய கஷ்டமே இல்ல, ஒண்ணு தேதியைத் தள்ளுவார், இல்ல பாதி அளவு குடுப்பார். டிஸ்கவுண்ட் மெயிலுக்குப் பதில் போடறதுக்கு முன்னாடி பி.ஓ.வும் அந்த வெண்டார் மேனுவலும் எனக்கு அனுப்பி வைங்க, விலை இருக்கற இடத்தை மறைச்சுட்டே அனுப்பலாம், தேதி எப்படி எழுதியிருக்குன்னு பார்த்துட்டு என்ன எழுதலாம்னு சொல்றேன்.